கம்பெனி போன டவேராவும் அதன் பங்காளிகளும்

செவர்லே இந்தியாவை விட்டுப் போனது ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

முதலில் வந்தது 1928-ல். ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் சிவ்ரியில் ஒரு தொழிற்சாலை போட்டு, பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டி கார், லாரி, பஸ் என்று விற்றார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, "சும்மா பூட்டி விற்றால் போதாது, பாகங்களையும் இங்கேயே செய்ய வேண்டும்" என்று அரசாங்கம் சொன்னது. கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் 1954-ல் கடையைக் கட்டினார்கள். ஃபோர்டும் ஏறக்குறைய அதே சமயத்தில் கிளம்பியது.

அப்புறம் தாராளமயம் வந்தது. 1990-களின் நடுவில் குஜராத் ஹலோலில் இருந்து ஓபல் அஸ்ட்ரா வந்தது. 2003-ல் செவர்லே பெயரை மறுபடி கொண்டுவந்தார்கள். அந்த ஓபல் பெயரையும் பிறகு தூக்கிவிட்டார்கள். 2004-ல் டவேரா. 2017 மே மாதம், அந்த வருஷக் கடைசியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். டவேரா செய்த ஹலோல் ஆலை அதற்கு முந்தின மாதமே நின்றுவிட்டது.

அந்த ஆலை சும்மா கிடக்கவில்லை. சீனாவின் செயிக் கம்பெனி அதை வாங்கி, அங்கே எம்.ஜி. என்ற பெயரில் வண்டி செய்ய ஆரம்பித்தது. எம்.ஜி. என்பது 2005-ல் திவாலான ஒரு பிரிட்டிஷ் பெயர். ஒரு பெயர் செத்த இடத்தில் இன்னொரு செத்த பெயருக்கு உயிர் வந்தது. கார் உலகத்தில் ஆவிகளுக்குப் பஞ்சமே இல்லை :-)

இந்த ஆராய்ச்சி எல்லாம் எதற்கு என்றால், என் சின்னம்மா மகன், எனக்கு முறைக்குத் தம்பி, வட்டவடை கோவிலூரில் இருக்கிறான். பூண்டு, கேரட், பீன்ஸ் விவசாயம். போன மாதம் கூப்பிட்டான்.

"அண்ணே, டவேரா ஒண்ணு வந்திருக்குண்ணே. 2012 மாடல், தேனிப் பார்ட்டி. மூணு லட்சம் சொல்றாங்க. என்னண்ணே சொல்றீங்க?"

மெல்போர்னில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன சொல்ல? ஆனால் பணத்தில் பாதி நான் அனுப்புவது. மீதிப் பாதி அவன் இரண்டு போகம் பூண்டில் சேர்த்தது. அதைவிட முக்கியம், வண்டி எதற்கு என்பது. சின்னம்மாவுக்கு மூச்சுத் திணறல் உண்டு. குளிர் காலத்தில் ராத்திரியில் வந்துவிட்டால் மூணாறுக்கு ஓட வேண்டும். சுமார் 45 கிலோமீட்டர். அதற்கு ஊரில் யார் வீட்டு ஜீப் சும்மா நிற்கிறது என்று கதவு கதவாகத் தட்ட வேண்டும்.

வட்டவடை போகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகா. கேரளாவின் எல்லைக்குள் இருந்தாலும் வீட்டில் பேச்சு தமிழ்தான். மதுரைப் பக்கத்தில் இருந்து மலையேறி வந்தவர்கள் என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். மூணாறில் இருந்து மாட்டுப்பட்டி, குண்டளை, எல்லப்பட்டி, டாப் ஸ்டேஷன் தாண்டி, பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவின் காட்டுக்குள் நுழைந்து மறுபக்கம் இறங்கினால் படி படியாகத் தோட்டங்கள் தெரியும். அதுதான் ஊர்.

டாப் ஸ்டேஷன் என்ற பெயரிலேயே ஒரு வண்டிக் கதை இருக்கிறது. மூணாறுத் தேயிலையை குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக இங்கே கொண்டுவந்து, ரோப் கார் கட்டி, கீழே கொட்டகுடிக்கு இறக்கி, போடிநாயக்கனூருக்கு அனுப்பினார்கள். 1902-ல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுத்தது. 1908-ல் குறுகிய ரயில் பாதை ஆக்கினார்கள். 1924 வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. அன்றைக்குத் தேயிலைப் பெட்டி நேராக இறங்கிய இடத்துக்கு, இன்றைக்கு மனுஷன் வண்டியில் போவதென்றால் மூணாறு, பூப்பாறை, போடிமெட்டு என்று ஒரு பெரிய சுற்று. கொடைக்கானலுக்குப் போன பழைய மலைச்சாலையும் இப்போது போக்குவரத்துக்கு இல்லை. ஆக இந்த ஊரில் ஒரு வண்டி நின்றுவிட்டால் அதற்கு உதிரிபாகம் வருவது தேனியில் இருந்தோ மதுரையில் இருந்தோ, அந்தச் சுற்றுவழியில்தான். கம்பெனியே இல்லாத வண்டி என்றால்?

தம்பியிடம் நான் முதலில் கேட்டது வண்டியின் கண்டிஷனை இல்லை. "டேய், அந்த வண்டிக்குப் பங்காளி யாரு?" என்றுதான் கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. அதை விளக்கத்தான் இந்தப் பதிவு.

நம்மூர் உதாரணத்தில் இருந்தே வருவோம். சென்னையில் ஒரு காலத்தில் கார் கம்பெனி இருந்தது என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு ஃபோர்டும் ஹூண்டாயும்தான் ஞாபகம் வரும். அதற்கெல்லாம் தாத்தா ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1948-ல் ஆரம்பித்தது. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் கம்பெனியோடு கூட்டு. வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் தொழிற்சாலை. முதலில் வேன்கார்ட், பிறகு ஸ்டாண்டர்ட் டென், 1961-ல் ஹெரால்ட், 1972-ல் கெஸல். உங்களில் ஐம்பது தாண்டியவர்களுக்கு ஹெரால்டின் முன்பக்கம் மொத்தமும் முதலை வாய் மாதிரி முன்னோக்கித் திறப்பது நினைவிருக்கும். ஒரு டாக்டரோ வக்கீலோ அதை வைத்திருந்திருப்பார்.

ஆனால் எனக்கு முக்கியம் அதன் வேன். 1958-ல் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் அட்லஸ் என்று ஒரு வேன் வந்தது. மூஞ்சி தட்டையாக, டிரைவரின் காலுக்குப் பக்கத்திலேயே என்ஜின். 948 சி.சி. என்ஜினை வைத்துக்கொண்டு அது இழுக்கத் திணறியது. பெரிய என்ஜின் போட்டார்கள். இதற்கிடையில் லேலண்ட் கம்பெனி ஸ்டாண்டர்டை விழுங்கிவிட்டது. 1963-ல் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரே போய்விட்டது. வேனின் நெற்றியில் லேலண்ட் 20 என்று எழுதினார்கள். 1968-ல் அதையும் நிறுத்தினார்கள். அப்போது அச்சுகளையும் சாமான்களையும் மூட்டை கட்டி நம் பெருங்களத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே அதன் பெயர் ஸ்டாண்டர்ட் 20!

வேடிக்கையைப் பாருங்கள். தாய்நாட்டில் செத்துப்போன பெயர், தாய்நாட்டில் செத்துப்போன வண்டி, இரண்டும் சேர்ந்து சென்னையில் பல வருஷம் ஓடின. பள்ளிக்கூட வேன், ஆம்புலன்ஸ், கம்பெனி வேன் என்று எல்லாமாக இருந்தது. 1977-ல் கார் செய்வதை நிறுத்திய பிறகும் வேனை நிறுத்தவில்லை. கம்பெனிக்கு அந்த நேரத்தில் அதுதான் சோறு.

பிறகு 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. பார்க்க ராஜா மாதிரி இருக்கும். இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரின் உடம்பு. ஆனால் உள்ளே வைத்தது பழைய வேன்கார்ட் வம்சத்து 1991 சி.சி. என்ஜின். பட்டுவேட்டி கட்டி, காலில் ரப்பர் செருப்புப் போட்ட மாதிரி. மாருதி வந்துவிட்ட காலத்தில் அவ்வளவு பெட்ரோல் குடிக்கும் வண்டியை யார் வாங்குவார்கள்? 1988-ல் உற்பத்தி நின்றது. பெருங்களத்தூரில் அந்த இடத்தில் இப்போது ஐ.டி. வளாகமும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. நம்மில் சிலர் அங்கே வேலை பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறியிருப்போம். அது கார் செய்த மண் என்று தெரியாமலே.

சரி, கம்பெனி போன பிறகு அந்த வண்டிகள் என்ன ஆயின? இங்கேதான் பங்காளிக் கணக்கு வருகிறது. ஹெரால்டுக்குப் பங்காளிகள் உண்டு. இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்ட், ஸ்பிட்ஃபயர், விடெஸ் எல்லாம் ஒரே குடும்பம். அந்த ஊரில் பழைய கார் பைத்தியங்கள் நிறையப் பேர் இருப்பதால் இன்றைக்கும் ஸ்பிட்ஃபயருக்குப் புதுசாகப் பாகம் செய்து விற்கிறார்கள். சென்னையில் ஹெரால்ட் வைத்திருப்பவர் வரவழைத்துக்கொள்ளலாம். வேன்கார்ட் என்ஜினுக்கும் பங்காளிகள் உண்டு. ஒரு பக்கம் பெர்குசன் டிராக்டர், இன்னொரு பக்கம் டி.ஆர். வரிசைப் பந்தயக் கார்கள். ஒரே வம்சத்து என்ஜின் வயலிலும் உழுதது, பந்தயத்திலும் ஓடியது. அதனால் பிஸ்டன், லைனர் மாதிரி உள் சாமான் கிடைத்தது. கிடைக்காததை சென்னை புதுப்பேட்டையில் பழைய இரும்புக் கடையில் தேடலாம், இல்லை லேத்தில் கடைந்துகொள்ளலாம்.

ஆனால் ஸ்டாண்டர்ட் 2000-க்கு இந்தியச் சாலையில் பங்காளியே இல்லை. அந்தக் கண்ணாடி, அந்த விளக்கு, அந்த டேஷ்போர்டு வேறு எதற்கும் பொருந்தாது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே முன் கண்ணாடி உடைந்து ஷெட்டில் நின்றுபோகும் வகை.

இதில் இருந்து நான் எடுத்துக்கொண்டது: பிராண்டு செத்தால் முதலில் தட்டுப்பாடு வருவது என்ஜினுக்கு இல்லை, தோலுக்கு. விளக்கு, கண்ணாடி, பம்பர், கதவுக் கைப்பிடி. அடுத்து மின்சாரப் பெட்டிகள். என்ஜின், கியர் பெட்டி, பிரேக் எல்லாம் யாரோ ஒரு பங்காளி வீட்டில் இருந்து வந்துவிடும். பங்காளி இருந்தால்.

இன்னொரு வேன் கதை, சுருக்கமாக. நாம் சின்ன வயதில் எந்த வேனைப் பார்த்தாலும் "மெட்டடார்" என்போம் இல்லையா? அது டெம்போ என்ற ஜெர்மன் கம்பெனியின் வண்டி, ஹாம்பர்க் பக்கம். அந்தக் கம்பெனியை ஹனோமாக் வாங்கி, அதை டைம்லர் பென்ஸ் வாங்கி, கடைசியில் ஜெர்மனியில் டெம்போ என்ற பெயரே இல்லாமல் போனது. இந்தியாவில் பஜாஜ் டெம்போ 1969-ல் மெட்டடாரைக் கொண்டுவந்து, 1990-கள் வரை செய்து தள்ளினார்கள். 2005-ல் அவர்களும் பெயரை ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். மெட்டடார் பிழைத்ததற்கு ஒரு காரணம், பின்னாளில் அதில் வைத்த மெர்சிடிஸ் வம்சத்து டீசல் என்ஜின். அதே என்ஜின் டிராக்ஸிலும் டிராவலரிலும் ஓடியது. பங்காளிகள் தெருவெல்லாம் இருந்தார்கள்.

ஆனாலும் வட்டவடை மாதிரி ஊருக்கு அந்த மெட்டடார் சரிப்படாது. முன்சக்கரத்தால் இழுக்கும் வண்டி அது. ஆளும் மூட்டையும் ஏற்றி மேட்டில் ஏறினால் பாரம் பின்னால் சாயும், முன்சக்கரம் ஜல்லியில் வெறுமனே சுற்றும். சமவெளியில் நல்ல பெயர் எடுத்த வண்டி மலையிலும் எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. மூணாறு மலையில் ஜீப் ராஜ்ஜியம் நடந்ததற்குக் காரணம் அதுதான். அந்த ஜீப்பின் கதையும் இதேதான். வில்லிஸ் என்ற அமெரிக்கப் பெயர் 1963-ல் போய்விட்டது. மஹிந்திராவோ 1947-ல் வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்து, பெயர் போன பின்னும் அதே எலும்புக்கூட்டில் பெஜோ டீசல் என்ஜினை வைத்துப் பல பத்தாண்டுகள் செய்துகொண்டே இருந்தார்கள். வில்லிஸ் வாங்கியவன் அனாதை ஆகவே இல்லை.

நான் இருக்கும் ஊருக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் ஹோல்டன் என்றால் நம்மூர் அம்பாசிடர் மாதிரி. முதல் ஹோல்டன் கார் 1948 நவம்பரில் வந்தது, சென்னையில் ஸ்டாண்டர்ட் ஆரம்பித்த அதே வருஷம். 2017 அக்டோபர் 20-ல் அடிலெய்டு பக்கத்து எலிசபெத் ஆலையில் கடைசி வண்டி. ஹலோல் மூடிய அதே வருஷம், அதே ஜெனரல் மோட்டார்ஸ். 2020 பிப்ரவரியில் பெயரையே நிறுத்தப் போவதாக அறிவித்தபோது இங்கே பெரியவர்கள் சிலர் அழுதார்கள், நிஜமாகவே. கம்பெனி, குறைந்தது பத்து வருஷத்துக்கு சர்வீஸும் உதிரிபாகமும் உண்டு என்றது. இந்தியாவிலும் செவர்லேக்காரர்களிடம் சர்வீஸ் தொடரும் என்றுதான் சொன்னார்கள். அந்த வாக்குறுதியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது ஷோரூம் பக்கத்தில் இருப்பவனுக்கு. கோவிலூரில் இருப்பவனுக்குப் பங்காளிதான் கதி.

ஹோல்டனிலும் பங்காளிகளைப் பார்க்கலாம். 1980-களில் ஹோல்டன் ஷட்டில் என்று ஒரு வேன் விற்றார்கள். பெயர் ஹோல்டன், வண்டி ஜப்பானின் இசுஸு. ஹோல்டன் ஜாக்கரூவும் இசுஸு. ஹோல்டன் ஸஃபீரா மட்டும் ஜெர்மனியின் ஓபல். மூன்றுக்கும் நெற்றியில் ஒரே சிங்கம், உள்ளே வேறு வேறு ரத்தம். அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். பிளைமவுத் 2001-ல் போனது, ஆனால் அதன் வாயேஜர் வேன் டாட்ஜ் கேரவனின் இரட்டைப் பிறவி. ஓல்ட்ஸ்மொபீல் 2004-ல் போனது, அதன் சில்ஹவுட் வேனுக்குச் செவர்லேயிலும் பான்டியாக்கிலும் கூடப்பிறந்தவர்கள். மெர்க்குரி வில்லேஜரைத் திறந்தால் உள்ளே நிஸான் குவெஸ்ட். புதிதாகக் குடும்பத்தோடு வந்து இறங்கியவர்கள், கையில் காசு இல்லாத முதல் வருஷத்தில், "பிராண்டே இல்லையாமே" என்று எல்லோரும் ஒதுக்கும் இந்த வேன்களை மலிவாக வாங்கி நன்றாக ஓட்டினார்கள் என்றால், காரணம் இதுதான். மற்றவர்கள் பெயருக்குப் பயந்தார்கள். இவர்கள் ரத்தத்தைப் பார்த்தார்கள்.

இப்போது டவேரா. அதன் ரத்தம் எது? இசுஸு! ஜெனரல் மோட்டார்ஸ் 1971-ல் இருந்தே இசுஸுவில் பங்கு வைத்திருந்தது, 2006-ல்தான் விற்றது. இந்தோனேசியாவில் 1991 முதல் ஓடிய இசுஸு பாந்தர் என்ற குடும்ப வண்டியின் இரண்டாம் தலைமுறைதான் நம்மூரில் செவர்லே சின்னம் போட்டு டவேரா ஆனது. லாரி மாதிரித் தனி சேஸிஸ், அதன் மேல் உடம்பு. பின்சக்கர இழுவை, பின்னால் லீஃப் பட்டை. 2499 சி.சி. டீசல், சுமார் 80 குதிரைசக்தி. நகரத்தில் இதைக் கிழட்டு வண்டி என்பார்கள். மலைக்கு எனக்குத் தெரிந்து இது குறை இல்லை, நிறை. ஆள் ஏற ஏறப் பின்சக்கரத்தில் பிடிப்பு கூடும். பட்டை ஒடிந்தால் போடியில் எந்தப் பட்டறையிலும் அடித்துக் கொடுப்பார்கள்.

இசுஸு இந்தியாவுக்கு அன்னியமும் இல்லை. 1990-களில் அம்பாசிடரிலேயே இசுஸு என்ஜின் வந்தது. 2012-ல் இசுஸு நேரடியாக இந்தியாவில் கம்பெனி ஆரம்பித்து, சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் ஆலை வைத்து பிக்கப் செய்கிறது. இதற்காக அங்கே இருக்கும் எல்லாப் பாகமும் இங்கே அப்படியே பொருந்தும் என்று நினைக்கக் கூடாது. பார்ட் நம்பர் ஒத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் இந்த வம்சத்து என்ஜினை இறக்கிக் கட்டத் தெரிந்த கை ஊரில் இருக்கிறது என்பதே பெரிய விஷயம். டவேரா நம் பக்கம் டாக்சியாக ஓடாத ஊரே கிடையாது. அதனால் உடைத்து விற்ற டவேராக்களின் கதவும் விளக்கும் கிடைக்கும்.

இதையே செவர்லே என்ஜாய் என்று தம்பி சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். 2013-ல் வந்த வண்டி, மூலம் சீனாவின் வூலிங். அதன் டீசல் என்ஜின் ஃபியட் வம்சத்து 1.3 லிட்டர், அதாவது ஸ்விஃப்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன், தெருவுக்குத் தெரு மெக்கானிக் உண்டு. ஆனால் உடம்பின் சொந்தக்காரர்கள் எல்லாம் சீனாவில். விற்றதும் குறைவு. உயிருக்குப் பங்காளி உண்டு, உடம்புக்கு இல்லை.

டவேராவுக்கும் ஒரு கறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2013 ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ், 2005 முதல் 2013 வரை செய்த சுமார் 1.14 லட்சம் டவேராக்களைத் திரும்ப அழைத்தது. புகையளவும் வேறு சில அளவுகளும் விதிக்கு ஒத்துவரவில்லை என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. சோதனை விவகாரத்தில் ஊழியர்கள் பலர் வேலையை இழந்தார்கள். உயிருக்கு ஆபத்தான குறை இல்லை என்று சொன்னார்கள். தம்பி பார்க்கும் 2012 வண்டி இந்தக் கணக்குக்குள் வரும். அதைச் சரி செய்த சர்வீஸ் சீட்டு இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். புகைச் சான்றிதழை ஏதோ ஒரு கடையில் வாங்கியதாக இல்லாமல், கண் முன்னால் வைத்துச் சோதிக்கச் சொன்னேன்.

பிறகு போனிலேயே ஒரு மணி நேரம் சொன்னேன். போகும்போது என்ஜின் ஆறிக் கிடக்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் திரும்பி வந்துவிடு, மறுநாள் காலையில் போ. வட்டவடைக் குளிரில் விடிகாலை ஒரே அடியில் எடுக்காத டீசல் ராத்திரி ஆஸ்பத்திரிக்கு உதவாது. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திற. குபுகுபுவென்று புகை அடித்தால் பேக் கம்ப்ரஷன், பிஸ்டன் வரைக்கும் செலவு. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்கவில்லை, ரேடியேட்டர் தண்ணியும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படு. வண்டியைக் குழியில் ஏற்றி சேஸிஸை டார்ச் அடித்துப் பார். புதுசாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் சுத்தியலால் தட்டிப் பார், துரு இருந்தால் சத்தம் மாறும். சேஸிஸில் வெல்டிங் பற்று தெரிந்தால் பேசவே வேண்டாம், வந்துவிடு. என்ஜினை மாற்றலாம், பம்பை, நாசிலை மாற்றலாம். முதுகெலும்பை மாற்ற முடியாது.

மைல் மீட்டரை நம்பாதே என்றும் சொன்னேன். பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய ஏழெட்டு சீட்டு வண்டி, மீட்டரில் எழுபதாயிரம் காட்டுகிறது என்றால் கிளட்ச் பெடல் ரப்பரையும் டிரைவர் சீட்டையும் பார். அவை பொய் சொல்லாது.

காகித வேலைதான் இந்த வண்டியில் பாதி விலை. தமிழ்நாட்டு டி.என். 60 வண்டி, தேவிகுளத்துக்கு வந்து கே.எல். 68 ஆக வேண்டும். ஒரு மாநில வண்டியை இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே பதிய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. அதற்கு முதலில் தேனியில் என்.ஓ.சி. வாங்க வேண்டும். கடன் பாக்கி ஆர்.சி.யில் ஏறியிருந்தால் அதை நீக்காமல் என்.ஓ.சி. கிடைக்காது. அப்புறம் கேரளாவில் வரி. முன்பு மஞ்சள் போர்டில் டாக்சியாக ஓடி வெள்ளை போர்டாக மாறியதா என்றும் பார்க்க வேண்டும். என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம்தான். இந்த வண்டிக்கு 2027-ல் முடிகிறது. பிறகு சோதனைக்குக் காட்டி, ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் காருக்கு அந்தக் கட்டணத்தை 5,000 ரூபாய் ஆக்கினார்கள். 2025-ல் வந்த திருத்தத்தில் 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000. அதாவது மூன்று லட்சம் என்பது மூன்று லட்சம் இல்லை.

"இவ்வளவு பாக்கணுமாண்ணே? பொண்ணு பாக்கப் போறப்பகூட இவ்வளவு கேக்கலையே!" என்றான்.

"அதனாலதாண்டா இப்ப வண்டிக்குக் கேக்கச் சொல்றேன்" என்றேன். பக்கத்தில் அவன் வீட்டுக்காரி சிரிக்கும் சத்தம் கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போடியில் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனான். ஏழு பேரை ஏற்றி, போடியில் இருந்து போடிமெட்டு வரைக்கும் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். விற்பவர் முதலில் முகம் சுளித்து, பிறகு சரி என்றாராம். உச்சிக்குப் போகும்போது சூட்டு முள் பாதியைத் தாண்டி மேலே ஏறியது. இறங்கும்போது பிரேக்கில் குறை இல்லை. கீழே வந்து ஆறவைத்துப் பார்த்ததில் ரேடியேட்டர் பாதிக்கு மேல் அடைபட்டிருந்தது. ஹெட் கேஸ்கட் தப்பித்திருந்தது. பட்டையில் ஒன்று ஒடிந்து கிடந்தது. சேஸிஸ் சுத்தம். கிளட்ச் பிளேட் இன்னும் ஆறு மாதம் தாங்கும் என்றார் மெக்கானிக்.

மூன்று லட்சம் இரண்டு அறுபதுக்கு இறங்கியது. அதற்குக் கீழே அவர் வரவில்லை. அதில் ரேடியேட்டர், பட்டை, கிளட்ச், மாநிலம் மாற்றும் செலவு எல்லாம் சேர்த்து எழுதிக் கூட்டினோம். அப்படியும் அதே வயது இன்னோவா கேட்கும் விலையில் பாதிதான் வந்தது. பெயர் போன வண்டி என்பதால் கிடைத்த தள்ளுபடி அது. முன் விளக்கு ஒரு ஜோடி, முன் கண்ணாடி ஒன்று, கதவுக் கைப்பிடி இரண்டு, இவற்றை இப்போதே மதுரையில் வாங்கி வீட்டுப் பரணில் போட்டுவிடு என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். ஐந்து வருஷம் கழித்துத் தேடினால் கிடைக்குமோ என்னவோ.

முன்பணம் கொடுத்தாகிவிட்டது. என்.ஓ.சி.க்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பூண்டு மூட்டை இதில் ஏற்றக் கூடாது, அதற்கு வாடகை பிக்கப்தான் என்று சின்னம்மா இப்போதே சட்டம் போட்டுவிட்டார். முன் சீட்டும் அவருக்குத்தானாம்.